மெட்டல் யோயோ வாங்கப் போறீங்களா... கொஞ்சம் இதைப் படிச்சிட்டு ஆர்டர் போடுங்க!

``ஆசையா வாங்கிக் கொடுத்தேங்க. கீழே போய் அங்கேயே சுத்திக்கிட்டு நிக்குது. எவ்வளவு இழுத்தாலும் மேலே வரமாட்டேங்குது. டூப்ளிகேட்டை அனுப்பிட்டாங்க போல!'' - பிள்ளைக்கு முதன்முறையாக மெட்டல் யோயோ வாங்கும் பெற்றோர் இப்படிப் புலம்புவது சகஜம். பெரும்பாலும் அந்த யோயோவில் எந்தக் கோளாறும் இருக்காது. வாங்கிய வகைதான் வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் பொருளைத் திருப்பி அனுப்புபவர்கள் ஒருபக்கம் என்றால், நாலு நாளில் அலுத்துப்போய் அலமாரியில் தூக்கிப் போட்டுவிடும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். பணம் போவதைவிட, பிள்ளைக்கு `நமக்கு இது வராது' என்ற எண்ணம் வந்துவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

மேலே வரும் யோயோ, வராத யோயோ

யோயோக்களில் இரண்டு வகை உண்டு. கையைச் சுண்டினால் தானாக மேலே ஏறி வருவது `ரெஸ்பான்சிவ்'. நாம் சின்ன வயதில் விளையாடியதெல்லாம் இதுதான். எவ்வளவு சுண்டினாலும் கீழேயே சுற்றிக்கொண்டிருப்பது `அன்ரெஸ்பான்சிவ்'. இதை மேலே கொண்டுவர `பைண்ட்' என்ற வித்தை தெரிந்திருக்க வேண்டும். கயிற்றில் ஒரு சின்ன மடிப்பு போட்டு, சுற்றும் யோயோவின் இடைவெளிக்குள் அதை ஊட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சிலிக்கான் பேட் அந்த மடிப்பைக் கவ்வியதும் யோயோ சட்டென்று கைக்கு வந்துவிடும்.

`தானா வர்றதை விட்டுட்டு எதுக்கு இந்தக் கஷ்டம்?' என்று கேட்கிறீர்களா? கயிற்றின் மேல் யோயோவை ஏற்றி இறக்கி, ஊஞ்சல் கட்டி, முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் வித்தைகளின் நடுவே அது தன்பாட்டுக்கு மேலே ஏறினால் ஆட்டமே கெட்டுவிடும். அதனால்தான் போட்டியாளர்கள் இரண்டாவது வகையைப் பயன்படுத்துகிறார்கள். சந்தையில் கிடைக்கும் மெட்டல் யோயோக்களில் பெரும்பாலானவையும் இந்த வகைதான்.

உலோகத்தில் என்ன விசேஷம்?

பம்பரம் விட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எடை ஓரத்தில் இருந்தால் சுழற்சி நீடிக்கும், தள்ளாட்டம் குறையும். அலுமினியத்தை லேத்தில் கடையும்போது நடுப்பகுதியை மெலிதாக்கி, எடையை விளிம்புக்குக் கொண்டுபோக முடிகிறது. நடுவில் பால் பேரிங் இருப்பதால் உராய்வும் குறைவு. 1990-ல் அலுமினிய யோயோவில் பால் பேரிங்கைப் பொருத்திக் கொண்டுவந்த டாம் கூன், சான் பிரான்சிஸ்கோவில் பல் டாக்டராக இருந்தவர் என்பது சுவாரஸ்யமான தகவல்.

விலை குறைந்த மெட்டல் யோயோக்கள் பெரும்பாலும் 6061 என்ற ரக அலுமினியத்தில் செய்யப்படுபவை. விலை ஏற ஏற 7075 ரக அலுமினியம், ஸ்டீல் விளிம்பு, டைட்டானியம் என்று போகும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு 6061 தாராளமாகப் போதும்.

மூன்றில் எது பெஸ்ட்?

மேஜிக் யோயோ வி3: உலோகத்தில் ரெஸ்பான்சிவ் வகை. உள்ளே இருக்கும் மெல்லிய பேரிங்தான் அதை மேலே வரவைக்கிறது. பழகிய பிறகு அதைக் கழற்றிவிட்டு அகலமான பேரிங்கை மாட்டினால் அன்ரெஸ்பான்சிவ் ஆகிவிடும். மாற்று பேரிங்கும் சேர்ந்தே வருகிறதா என்று மட்டும் ஆர்டர் போடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஜிக் யோயோ என்12: அகலமான உடல் கொண்ட அன்ரெஸ்பான்சிவ் ரகம். அகலம் அதிகம் என்பதால் கயிற்றின் மேல் இறக்கும்போது குறி கொஞ்சம் தப்பினாலும் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால், பைண்ட் தெரியாதவர் கையில் இது சும்மா சுற்றும் உருண்டைதான்.

யோயோ ஃபேக்டரி ஷட்டர்: அமெரிக்க வீரர் ஜென்ட்ரி ஸ்டீன் பெயரில் வரும் மாடல். 2014-ல் பராகுவே இல்லை, ப்ராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் அவர் சாம்பியன் ஆனது ஷட்டரை வைத்துத்தான். மற்ற இரண்டையும்விட விலை கணிசமாக அதிகம். ஆனாலும், போட்டி மேடை வரை கூடவே வரும் என்பதால் இதையும் பட்ஜெட் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள்.

என் ஓட்டு வி3-க்குத்தான். மூன்றிலும் சுழற்சியில் கெட்டிக்காரன் அது இல்லை. ஆனால், முதல் நாளே கைக்குத் திரும்பி வந்து சந்தோஷம் தரும். மூன்று மாதம் கழித்து, பேரிங்கை மாற்றினால் அடுத்த வகுப்புக்கும் அதுவே போதும். ஒரே செலவில் இரண்டு படி! ஏற்கெனவே பைண்ட் தெரிந்தவர் என்றால் என்12-க்குப் போகலாம். போட்டி ஆசை வந்துவிட்டால் ஷட்டருக்குச் சேமிக்க ஆரம்பியுங்கள்.

வந்ததும் செய்யவேண்டியவை

* யோயோவைச் சுழலவிட்டு, விரல் நகத்தால் விளிம்பை லேசாகத் தொடுங்கள். கொஞ்சம் அதிர்வு இருந்தால் பரவாயில்லை, விலை குறைந்தவற்றில் அது சகஜம். கண்ணுக்கே தெரியும் அளவு ஆடினால், பிரித்து பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் ஆடினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

* யோயோவைத் தரையில் வைத்து, கயிற்றைத் தொப்புள் உயரத்துக்கு அளந்து, விரலில் மாட்டும் முடிச்சுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். பிள்ளைகளுக்கு முழு நீளம் வேண்டாம், யோயோ தரையில் இடிக்கும்.

* சுருக்கு முடிச்சை நடுவிரலின் முதல் கணுவுக்கும் நடுக் கணுவுக்கும் இடையில் மாட்டுங்கள்.

* கயிறு நைந்தால் உடனே மாற்றுங்கள். 60 கிராமுக்கு மேல் எடையுள்ள உலோகம் அறுந்து பறந்தால் டி.வி திரையும் தாங்காது, பக்கத்தில் நிற்கும் தம்பியின் பல்லும் தாங்காது.

* பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுப்பு ஏறி சுழற்சி குறைந்துவிடும்.

* மூடும்போது பலம் காட்டி முறுக்காதீர்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் யோயோவே வீண்.

முதல் வாரம் நேராகக் கீழே விடுவதை மட்டும் பழகச் சொல்லுங்கள். கோணலாகப் போகாமல், சாயாமல் நின்று சுற்றினால் பாதி வித்தை வந்துவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதிக்குத் தேவை விலை உயர்ந்த யோயோ அல்ல, தினமும் 15 நிமிடம்தான்!