போலந்து இடதுசாரிகளும் 8 சதவீத வரம்பும்

போலந்தில் 2015 நாடாளுமன்றத் தேர்தலில் வலதுசாரியான சட்டம் நீதிக் கட்சிக்கு 37.6 சதவீத வாக்கு கிடைத்தது. கீழவையின் 460 இடங்களில் 235 அதன் வசம் வந்தது. 2019இல் அதன் வாக்கு 43.6 சதவீதமாக ஏறியது. இடங்களோ அதே 235தான். ஆறு சதவீதப் புள்ளிகள் கூடியும் ஓர் இடம்கூடக் கூடாமல் போனதற்கு முக்கியக் காரணம், சிறிய இடதுசாரிக் கட்சிகள் இடையில் கற்றுக்கொண்ட பாடம்.

அங்கே நடப்பது விகிதாசாரத் தேர்தல். கட்சிகள் வேட்பாளர் பட்டியல் கொடுக்கும். வாக்குக்கு ஏற்ப இடம் கிடைக்கும். ஆனால் நாடு முழுக்க 5 சதவீத வாக்கு வாங்காத கட்சிக்கு ஓர் இடமும் கிடையாது. கூட்டணியாகப் பதிவு செய்தால் அந்த வரம்பு 8 சதவீதம். வரம்பைத் தாண்டாத பட்டியலின் வாக்குகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். தாண்டியவர்கள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதிலும் பெரிய கட்சிக்கே ஆதாயம் அதிகம்.

2015இல் முன்பு ஆட்சியில் இருந்த ஜனநாயக இடதுசாரிக் கட்சியும் பசுமைக் கட்சி உள்ளிட்ட சில சிறிய கட்சிகளும் 'ஒன்றுபட்ட இடதுசாரி' என்ற பெயரில் கூட்டணியாகப் பதிவு செய்தன. அதே ஆண்டு பிறந்த ராஸெம் என்ற இளைஞர் கட்சி, பழைய ஆட்சியாளர்களோடு சேர மாட்டோம் என்று தனித்து நின்றது. கூட்டணிக்கு 7.55 சதவீதம், ராஸெமுக்கு 3.62 சதவீதம். இரண்டுக்கும் பூஜ்யம். கூட்டணிக்கு மட்டும் விழுந்த 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வீணாயின. ஒரே கட்சியின் பட்டியலில் நின்றிருந்தால் அதே 7.55 சதவீதம் தாராளமாகப் போதும்!

ராஸெமின் அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2001 முதல் 2005 வரை நடந்த இடதுசாரி ஆட்சி ஊழல் புகார்களில் சிக்கிப் பெயர் கெட்டுப்போனது. புதிதாக வந்தவர்கள் அந்தச் சுமையைத் தோளில் ஏற்ற விரும்பவில்லை. கொள்கையளவில் அது நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன். விளைவு மட்டும் கொடுமையானது: 1989க்குப் பின் முதன்முறையாக ஒரு கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது, கீழவையில் இடதுசாரிகள் ஒருவரும் இல்லை. அரசியல் சாசன நீதிமன்றத்தின் அமைப்பையே ஆளுங்கட்சி மாற்றிய காலம் அது.

2019இல் ஜனநாயக இடதுசாரிக் கட்சி, ராஸெம், புதிதாக வந்த வியோஸ்னா மூன்றும் சேர்ந்தன. இம்முறை கூட்டணியாகப் பதிவு செய்யவில்லை. மூன்று கட்சி வேட்பாளர்களும் ஜனநாயக இடதுசாரிக் கட்சியின் பட்டியலிலேயே நின்றார்கள். வரம்பு 5 சதவீதமாகக் குறைந்தது. சட்டப்படி அரசு மானியம் அந்த ஒரு கட்சிக்கே போகும். மற்ற இரண்டும் அதை நம்பித்தான் கையெழுத்திட வேண்டும். சிறிய கட்சிகள் இணைவதில் மிகக் கடினமான இடம் இதுதான். கொள்கையில் உடன்படுவது எளிது. பட்டியலில் யார் முதலில், பணம் யார் கணக்கில் என்பதில்தான் பேச்சு முறியும்.

அந்தப் பட்டியலுக்கு 12.6 சதவீத வாக்கு, 49 இடங்கள் கிடைத்தன. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை கொண்ட மேலவையான செனட்டில் எதிர்க்கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதால், ஆளுங்கட்சி அங்கே 100இல் 48 இடங்களோடு பெரும்பான்மையை இழந்தது.

2023இல் இடதுசாரிகளின் வாக்கு 8.6 சதவீதமாகச் சரிந்தது. 26 இடங்களோடு டுஸ்க் தலைமையிலான கூட்டணி அரசில் பங்கேற்றார்கள். ஆனால் ராஸெம் அமைச்சரவையில் சேரவில்லை. 2024 அக்டோபரில் இடதுசாரிகளின் நாடாளுமன்றக் குழுவிலிருந்தும் விலகியது. அடுத்த தேர்தலில் இடதுசாரிகள் பிரிந்தே நின்றால், 2015இன் கணக்கு அவர்களை மீண்டும் தண்டிக்கக்கூடும்.