பெருமின்னோட்டத்தை அளக்கும் மானியைத் தெரிதல்

ஓய்வுநேரத்தில் மின்பொறிகளை ஆக்கிப் பார்க்கும் ஆர்வங்கொண்டோர் எம்மிடையே பலர் உளர். சூரியகலத்தாற் பற்றரியை ஏற்றுவோரும், சைக்கிளில் மின்மோட்டர் பூட்டுவோரும், மாதிரி விமானம் பறக்கவிடுவோரும் கையாளும் மின்னோட்டம் ஒன்றிரண்டு அம்பியர் அன்று. 40, 50, சிலவேளை 100 அம்பியரையுந் தாண்டும். இதனை அளத்தற்கேற்ற மானி யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதலிற் கைக்கு அகப்படுவது பல்மானி. அதில் 10 அம்பியர் எனப் பொறித்த துளை ஒன்று உண்டு. அவ்வளவு ஓட்டத்தைச் சில செக்கன் மட்டுமே செலுத்தலாம் என்று பலவற்றில் அருகே சிற்றெழுத்திற் குறித்திருப்பர். மலிவான சிலவற்றில் அவ்வழிக்கு உருகியே இல்லை. கம்பியை அத்துளையில் விட்டபடியே பற்றரியின் இரு முனைகளையுந் தொட்டால், அம்பியர்மானியின் தடை மிகச் சிறிதாதலின், அது குறுஞ்சுற்றாய்விடும். கார்ப் பற்றரியோ நூற்றுக்கணக்கான அம்பியரைத் தரவல்லது. கம்பி உருகும், கையும் வேகும்.

விபத்து நேராவிடினும் வேறோர் இடருண்டு. மானிக்குச் செல்லுங் கம்பிகளின் தடை நூறில் ஒரு பங்கு ஓம் என்று கொள்வோம். 50 அம்பியர் பாயும்போது அங்கே அரை வோல்ற்று இழக்கப்படும். 25 வாற்று வெப்பமாகும். அளக்க வந்த கருவியே அளக்கப்படுவதை மாற்றிவிடுகின்றது. ஆதலின் பேரோட்டத்தை மானிக்குள்ளே புகவிடாது அளத்தல் வேண்டும். அதற்கு வழி இரண்டு.

ஒன்று, சண்ட் எனப்படும் பக்கவழித் தடை. இது பெரும்பாலும் மங்கனின் பட்டைகளால் ஆனது. செப்பு, மங்கனீசு, நிக்கல் ஆகியன சேர்ந்த இக்கலப்புலோகத்தை 1892இல் எட்வேட் வெஸ்ரன் ஆக்கினார். சூடேறினும் இதன் தடை மாறுவது மிக அற்பம். 100 அம்பியர், 75 மில்லிவோல்ற்று என்று பொறித்த சண்டில் 30 அம்பியர் பாய்ந்தால் இரு முனைகளிடையே 22.5 மில்லிவோல்ற்று தோன்றும். எளிய பல்மானியே அதனை வாசிக்கும். முகப்பில் 100 அம்பியர் எனக் காட்டும் பலகைமானிகள் பலவும் உண்மையில் மில்லிவோல்ற்றுமானிகளே. 75க்கு உரிய மானியை 50க்கு உரிய சண்டுடன் இணைத்தால் 60 அம்பியர் 40 ஆகத் தோன்றும். குறைத்துக் காட்டும் பிழையே மிகக் கொடியது.

சண்டில் இரு பெரிய ஆணிகளும் இரு சிறிய திருகாணிகளும் இருக்கும். பெரியவை ஓட்டத்துக்கு, சிறியவை மானிக்கு. மானியின் கம்பிகளையும் பெரிய ஆணிகளின் கீழேயே முறுக்கிவிடுவோர் உளர். மேற்கூறிய சண்டின் முழுத்தடையும் 0.75 மில்லியோமே. தளர்ந்த, அழுக்கேறிய இணைப்பொன்றின் தடையே அவ்வளவிருக்கக்கூடும். அப்போது வாசிப்பு இரட்டித்துவிடும். இடைவிடாது ஓடும் வேலைக்குச் சண்டைக் குறித்த அளவின் மூன்றில் இரு பங்குக்கு மேற் சுமத்தலாகாது.

மற்றையது கவ்வுமானி. கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை இது உணர்வதால் சுற்றை வெட்ட வேண்டியதில்லை. நிலைமாற்றித் தத்துவத்தில் இயங்குவது ஆடலோட்டத்தை மட்டுமே அளக்கும். பற்றரிக் கம்பியைக் கவ்வினால் அது பூச்சியம் காட்டும். மானி பழுதென்று கடைக்காரரோடு வாதிடுவோரும் உளர்! நேரோட்டத்துக்கு, 1879இல் எட்வின் ஹோல் கண்ட ஹோல் விளைவினால் இயங்கும் கவ்வுமானியே வேண்டும். ஒவ்வொரு முறையும் அதனைப் பூச்சியமாக்கிக்கொண்டே அளத்தல் நன்று. போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒருங்கே கவ்வினால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓட்டம் சிறிதாயின் கம்பியைப் பத்து முறை சுற்றி, வாசிப்பைப் பத்தாற் பிரிக்கலாம்.

ஒரே பொறியில் நிலையாகப் பூட்டுவதற்குச் சண்டே சிறந்தது, விலையுங் குறைவு. பல பொறிகளைச் சோதிப்போர் ஹோல் கவ்வுமானியை வாங்குக. 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்திலோ மாணவர் சண்டைத் தீண்டவே கூடாதென்பது எமது கருத்து. அங்கே மானியின் கம்பிகளும் அவ்வழுத்தத்தையே தாங்கி நிற்கும்.

கடையில் கவ்வுமானி வாங்குவோர் அம்பியர் வீச்சின் அருகிலுள்ள குறியைப் பார்த்தல் வேண்டும். அலைக்கோடு மட்டும் இருப்பின் அது ஆடலோட்டத்துக்கு மட்டுமே உரியது. நேர்கோடும் அதன்கீழ் விட்டுவிட்டு வரைந்த கோடும் இருப்பின் நேரோட்டத்துக்கும் ஆகும். அக்குறி வோல்ற்று வீச்சிற் பெரும்பாலும் இருக்குமாதலின், அதனைக் கண்டு ஏமாறலாகாது.