வேண்டாம் என்று சொல்லப் போன இடத்தில்

ஐரோப்பிய இணைய விளம்பர நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் தளம் ஒன்று உண்டு. 'என் நடமாட்டத்தை வைத்து எனக்கு விளம்பரம் காட்டாதீர்கள்' என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டு வரலாம். ஃபேஸ்புக்கும் ஐரோப்பியப் பயனர்களை அங்கேதான் போகச் சொன்னது. 2015இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபேஸ்புக் வாசனையே படாத ஒரு பிரவுசரில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தார்கள். வெளியே வந்தபோது பிரவுசருக்குள் ஃபேஸ்புக்கின் 'டேட்டர்' குக்கீ உட்கார்ந்திருந்தது. ஆயுள் இரண்டு ஆண்டு. வேண்டாம் என்று சொல்லப் போனவரின் கழுத்திலேயே மணி கட்டி அனுப்பியிருக்கிறார்கள்! அமெரிக்கர்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் இருந்த அதே மாதிரித் தளங்களில் இந்தக் கூத்து இல்லை.

தங்கள் தளத்துக்கே வராத சிலருக்குக் குக்கீ போனது மென்பொருள் பிழை என்றது ஃபேஸ்புக். டேட்டர் என்பதே போலிக் கணக்குகளைப் பிடிக்கும் காவல் ஏற்பாடு என்றும் வாதாடியது. பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில், கணக்கு இல்லாதவர்களைத் தொடர்வதை நிறுத்து, இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,50,000 யூரோ கட்டு என்றது. அடுத்த ஆண்டே, வழக்கு எங்கள் எல்லைக்குள் வராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்த ஆய்வை முன்னின்று செய்தவர் குனேஷ் அஜார். இந்தக் கதையில் அவர் பத்து ஆண்டு கழித்து மறுபடி வருவார்.

இணையப் பக்கம் ஒரே அடுப்பில் சமைத்ததல்ல. சோறு ஒரு வீட்டில், சாம்பார் வேறு வீட்டில், அப்பளம் மூன்றாவது வீட்டில் வாங்கி ஒரே இலையில் பரிமாறியது. செய்திகளோடு லைக் பொத்தான் இருந்த காலத்தில், நீங்கள் ஒரு செய்தியைத் திறந்தால் எழுத்து பத்திரிகையின் சர்வரிலிருந்து வந்தது, பொத்தான் ஃபேஸ்புக்கின் சர்வரிலிருந்து. அந்த அப்பளத்துக்காக உங்கள் பிரவுசர் ஃபேஸ்புக் வாசலில் போய் நின்றது. நிற்கும்போதே, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன், என் இணைய முகவரி என்ன, முன்பு நீ கொடுத்த குக்கீ இதோ என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டது.   பொத்தானை அழுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது திரைக்கு வந்து சேர்ந்தாலே வேலை முடிந்துவிட்டது.

குக்கீயை 1994இல் நெட்ஸ்கேப்பில் உருவாக்கியவர் லூ மொண்டுலி. வந்தவர் யார் என்பதை ஒரு தளம் மறக்காமல் இருக்க அவர் செய்த சின்ன ஏற்பாடு அது. 2010 ஏப்ரலில் லைக் பொத்தானை எல்லாத் தளங்களுக்கும் ஃபேஸ்புக் திறந்துவிட்டபோது, அந்த நினைவுச்சீட்டு ஊரெல்லாம் செல்லும் அடையாள அட்டை ஆனது. ஜெர்மனியின் ஹைஸ பதிப்பகம் 2011இல் செய்த மாற்று எனக்குப் பிடிக்கும். பொத்தானின் சாம்பல் நிறப் படத்தை மட்டும் பக்கத்தில் வைத்தார்கள். முதல் அழுத்தலில்தான் உண்மையான பொத்தான் வரும், இரண்டாவதில் லைக். கேட்டால் கொடு, கேட்காவிட்டால் சும்மா இரு. உலகம் இந்த நேர்மையைப் பின்பற்றவில்லை.

பின்னால் பொத்தானும் தேவையில்லாமல் போயிற்று. பிக்சல் வந்தது. பெயருக்கு ஒரு புள்ளி அகலமும் ஒரு புள்ளி உயரமும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத படம். உண்மையில் அதோடு வரும் நிரல்தான் வேலைக்காரன். தான் கொடுத்த விளம்பரம் பலித்ததா என்று அறிய, கடைக்காரரே அதைத் தன் தளத்தில் ஒட்டிக்கொள்கிறார். கடைக்காரர் மட்டுமல்ல. அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளை 2022இல் 'தி மார்க்கப்' இதழ் சோதித்தபோது, 33இன் தளங்களில் மருத்துவரைச் சந்திக்க நேரம் கேட்டுப் பொத்தானை அழுத்தியதும் அந்தத் தகவல் ஃபேஸ்புக்குக்குப் போனது. மருத்துவமனைகள் உளவு பார்க்கக் கிளம்பவில்லை. விளம்பரக் கணக்கு பார்க்க எதையோ ஒட்டினார்கள், அது எதையெல்லாம் எடுத்துப்போகிறது என்று கவனிக்கவில்லை. எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது.

தடுப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2018இல் ஃபேஸ்புக்கை மட்டும் தனி டப்பாவில் அடைக்கும் வசதியைக் கொடுத்தது. சஃபாரி 2020 மார்ச்சில் பிற தளங்களின் குக்கீகளை முழுவதுமாக மறித்தது. குரோமில் இரண்டே ஆண்டில் அதைச் செய்வோம் என்று 2020இல் அறிவித்த கூகுள், தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் கைகழுவியது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் வேறென்ன செய்யும்? தடுப்புக்கு வலிமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'இந்தச் செயலி உங்களைத் தொடரலாமா?' என்று 2021இல் ஐபோன் கேட்கத் தொடங்கியது. அந்த ஒரு கேள்வியால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது.

ஆனால் தண்ணீரை ஒரு மடையில் அடைத்தால் இன்னொரு மடை தேடும். பிற தளக் குக்கீக்குத் தடையா? 2018 அக்டோபரில், கடையின் பெயரிலேயே குக்கீ வைக்கும் வழி பிக்சலுக்குக் கிடைத்தது. கடையின் சொந்தக் குக்கீயை மறித்தால் கடையே இயங்காது என்பதால் பிரவுசர் அதை விட்டுவிடுகிறது. இதில் ஃபேஸ்புக்குக்கும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு கடையிலும் குக்கீ எண் வேறு வேறு. இந்தக் கடையில் பார்த்தவரும் அந்தக் கடையில் பார்த்தவரும் ஒருவரே என்று சொல்ல, நடுவில் ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது 2025 ஜூனில் வெளிப்பட்டது. இப்போது நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அஜாரும், மாட்ரிட்டின் இம்தேயா நிறுவனத்தையும் லூவனையும் சேர்ந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் பின்னணியில் விழித்திருந்து, போனுக்குள்ளேயே சில வாசல்களில் காது வைத்திருந்தன. பிரவுசரில் பிக்சல் உள்ள பக்கத்தைத் திறந்தால், பிக்சல் தன் குக்கீ எண்ணை இணையத்துக்கு அனுப்புவதோடு நிற்காமல், போனின் சொந்த முகவரிக்கே அனுப்பி அந்தக் காதில் போட்டது. செயலிக்கு உங்கள் பெயர் தெரியும். எண்ணும் பெயரும் சேர்ந்தாயிற்று. ஒரே வீட்டில் இரு அறைகளுக்கு நடுவே சுவரில் ஓட்டை. தெருக்கதவை எத்தனை பூட்டு போட்டுப் பூட்டினால் என்ன? குக்கீகளை அழித்திருந்தாலும், இன்காக்னிட்டோவில் இருந்தாலும், பிரவுசரில் ஃபேஸ்புக்குக்குள் நுழையாமலே இருந்தாலும் ஒன்றும் மாறவில்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2017 முதலே இப்படிச் செய்துவந்தது, மெட்டா 2024 செப்டம்பர் முதல். செய்தி வெளியான அன்றே மெட்டாவின் பிக்சலிலிருந்து அந்த நிரல் மறைந்தது. ஐபோனில் இதற்கான தடயம் கிடைக்கவில்லை. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. செயலியை நீக்கிவிட்டு பிரவுசர் வழியாகவே இந்தத் தளங்களைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் அந்த ஓட்டையே இல்லாமல் போயிருக்கும்.

ஓட்டை என்றால் அடைத்துவிடலாம். கடைசி வழி ஓட்டையே அல்ல. உங்கள் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் கடையின் சர்வர் நேராக மெட்டாவின் சர்வருக்கு அனுப்புகிறது. அப்படியே அனுப்புவதில்லை, அரைத்துப் புரியாத எழுத்துக்கோவையாக்கி அனுப்புகிறோம் என்பார்கள். அரைப்பது உண்மைதான். ஆனால் ஒரே எண்ணை அரைத்தால் எப்போதும் ஒரே மாவுதான் வரும். மெட்டாவும் தன்னிடமுள்ள எண்களை அதே முறையில் அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. இந்தப் பரிமாற்றம் உங்கள் போன் வழியாகப் போவதே இல்லை. தன் கண்ணுக்கு முன்னால் போவதைத்தான் தடுப்பான் மறிக்கும். ஊருக்கு வெளியே போகும் லாரியைப் பற்றி வாசல் காவலாளிக்கு என்ன தெரியும்?

அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, 709 தன்னார்வலர்கள் ஃபேஸ்புக்கிலிருந்து பதிவிறக்கித் தந்த கோப்புகளை எண்ணிப் பார்த்தது. அவர்களைப் பற்றி ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பிய நிறுவனங்கள் மொத்தம் 1,86,892. ஆளுக்குச் சராசரி 2,230. ஃபேஸ்புக்கின் அமைப்புகளுக்குள் தேடினால் உங்கள் பட்டியலையும் பார்க்கலாம், 'துண்டி' என்றும் சொல்லலாம். துண்டித்த பிறகும் தகவல் வந்துகொண்டுதான் இருக்கும், உங்கள் கணக்கோடு முடிச்சுப் போடமாட்டார்கள். அவ்வளவே.

ஆகவே எல்லாம் சுற்றிச் சுற்றிப் போன் எண்ணிடம் வந்து நிற்கிறது. குக்கீயை அழிக்கலாம், எண்ணை யார் மாற்றுகிறார்கள்? கணக்கின் பாதுகாப்புக்காகப் பயனர்கள் கொடுத்த எண்களை ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் பயன்படுத்தியதை 2018இல் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். மறு ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, இனி அப்படிச் செய்யக் கூடாது என்பதையும் உத்தரவில் சேர்த்தது.

என் பிரவுசரில் இரண்டு தடுப்பான்கள் இருக்கின்றன. ஃபேஸ்புக் செயலியைப் போனிலிருந்து எடுத்து ஓராண்டு ஆகிறது. போன வாரம் ஒரு துணிக்கடையில் இரண்டு சட்டைக்குப் பில் போட நின்றேன். கணினியிலிருந்து தலை நிமிராமலே அந்தப் பெண், "நம்பர் சொல்லுங்க சார்" என்றார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். பத்து இலக்கத்தையும் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.