'உடம்பு நல்லாத்தானே இருக்கு'னு பிபி மாத்திரையை நிறுத்துறீங்களா? பழவேற்காடு மீனவ மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவ கிராமங்களில் ஒன்று தோணிரேவு. விடியும் முன்பே தண்ணீரில் இறங்கும் தொழில், வெயிலில் வலை வேலை, சோற்றுக்குக் கருவாடு. "இவ்வளவு உழைக்கிற உடம்புக்கு பிபி எப்படி வரும்?" என்று கேட்கத் தோன்றும். உழைப்பு நல்லதுதான். ஆனால் அது மட்டுமே பிபி வராமல் தடுத்துவிடாது.

தமிழ்நாடு அரசின் 2020 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் பிபி கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவிகிதம் பேருக்குத்தான். மற்றவர்களில் பலர் தங்களுக்கு பிபி இருப்பது தெரியாமலே இருந்தவர்கள், அல்லது மாத்திரையைத் தொடராதவர்கள்.

பிபி என்றால் என்ன?

இதயம் ரத்தத்தை அழுத்தித் தள்ளும்போது ரத்தக் குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் அளவு. இதயம் தளரும்போது இருப்பது கீழ் அளவு. 120/80-க்குள் இருந்தால் நல்லது. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

தலைவலி, மயக்கம் வந்தால்தான் பிபி என்று நினைப்பது தவறு. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் உள்ளே இதயம், மூளை, கிட்னி, கண் நான்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கப்படும். அளந்து பார்ப்பதைத் தவிர கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

எப்படி அளக்கணும்?

படகிலிருந்து இறங்கிய கையோடு அளக்க வேண்டாம். 5 நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் படும்படி அமைதியாக உட்காருங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்கணும். அளக்கும்போது பேசக்கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

கருவாட்டை விட்டுடணுமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். கருவாடு உப்பில் ஊறிக் காய்வதால், அதில் உப்பு மிக அதிகம்.

அதனால் தினமும் கருவாடு வேண்டாம். ஏரி மீன் கிடைக்கும் நாளில் பச்சை மீனே நல்லது. கருவாடு சமைக்கும் நாளில் வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் சமையுங்கள். குடிதண்ணீர் உப்புக் கரித்தால் அதையும் கவனிக்கணும். வங்கதேச கடலோர கிராமங்களில் நடந்த ஆய்வுகளில், உப்புத் தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகமாகக் காணப்பட்டது.

மாத்திரையை நிறுத்தினா என்ன?

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க 'பாடு' முறை உண்டு. இன்னைக்கு ஒரு குழு, நாளைக்கு இன்னொரு குழு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். பிபி மாத்திரைக்கு அந்த மாதிரி பாடு கிடையாது. தினமும் அதன் முறைதான்.

அளவு 120-க்கு வந்துவிட்டது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்தினால் மறுபடியும் ஏறும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. தன்னார்வலர் வரும் நேரத்தில் நீங்கள் தொழிலுக்குப் போயிருந்தால், வீட்டில் இருப்பவர்களிடம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

* கடலுக்கு எத்தனை மணிக்குப் போறீங்க, எப்போ திரும்புறீங்க என்பதைச் சொல்லுங்கள். அதற்கேற்ப மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்.
* சில பிபி மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். வெயிலில் வேர்த்து உழைப்பவர்களுக்குத் தலைச்சுற்றல் வரலாம். படகில் அது ஆபத்து. தலைசுற்றினால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும், கிட்னியையும் பாதிக்கும்.
* குடிப்பழக்கம், புகையிலைப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எப்போ 108?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் திடீரெனச் செயலிழப்பது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலும், 180/120-க்கு மேல் போய் பார்வை மங்கினாலும், தாங்க முடியாத தலைவலி வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

30 வயதைத் தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிபி பாருங்கள். கரைக்கு வரும் நாளில் 10 நிமிடம் ஒதுக்கினால் போதும்.