எது கவுன்சிலர் கையில்?

செங்கல்பட்டில் வார்டு தேர்தல் வந்தால் வாக்குறுதிக்குப் பஞ்சமே இருக்காது. "எலெக்ட்ரிக் ட்ரெயினைக் கூட்டுவேன், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலைத் தீர்ப்பேன்" என்று வேட்பாளர் அடுக்குவார். ரயில், ரயில்வேக்காரர்களுடையது. ஜி.எஸ்.டி. ரோடு, தேசிய நெடுஞ்சாலை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலோ மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பு. பாவம், அங்கே கவுன்சிலரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகணும்!

அப்போ அவர் கையில் என்னதான் இருக்கு? குப்பை, தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை. 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீங்க. ஊர்க் கழிவுநீர் கலந்து கொளவாய் ஏரி பட்ட பாடு தெரிந்ததுதானே! 2016-ல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள் நிர்வாகம்தான். விளக்கு எரியலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மூன்றே கேள்வி கேளுங்க.

"நம்ம தெருக் குப்பை கடைசியில எங்கே போகுது?"

"சாக்கடைத் தண்ணி எந்த ஏரியில விழுது?"

"வார்டு ஜனங்க உட்கார்ந்து பேச 2022-ல் ஏரியா சபைக்கு விதி வந்ததே, அதை ஒழுங்காக் கூட்டுவீங்களா?"

நேராகப் பதில் சொன்னால் நோட்டீஸை மடித்துப் பையில் வையுங்கள். "ரயில் விடறேண்ணே" என்றால், அடுத்த பார்லிமென்ட் தேர்தலில் நிற்கச் சொல்லி வாழ்த்தி அனுப்பிடுங்க!