காயம் ஆறினாலும் வலி ஏன் ஆறுவதில்லை?

அக்கிக் கொப்புளங்கள் உதிர்ந்து பல மாதம் ஆன பிறகும், அந்த இடத்தில் சட்டை உரசினாலே துடித்துப்போகிறவர்கள் உண்டு. சர்க்கரை நோயால் கால் நரம்பு பழுதானவர்களில் சிலருக்குப் போர்வை பட்டாலே பாதம் எரியும். வெளியே புண் எதுவும் தெரியாததால், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், நரம்பு பழுதானால் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள செல்களின் நடத்தையே மாறிவிடுகிறது.

நரம்பு மண்டலத்தில் தூண்டும் செல்களும் உண்டு, அடக்கும் செல்களும் உண்டு. அடக்கும் செல் காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். அது பட்டதும் அடுத்த செல்லுக்குள் குளோரைடு அயனிகள் புகுந்து அதை அமைதிப்படுத்தும். இது நடக்க, செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். புகுந்ததை வெளியேற்றும் வேலையை கேசிசி2 என்ற புரதம் பார்க்கிறது.

நரம்பு அடிபட்டதும் தண்டுவடத்திலுள்ள மைக்ரோகிளியா செல்கள் கிளர்ந்தெழுந்து பிடிஎன்எஃப் என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அதன் விளைவாக கேசிசி2 குறைகிறது. குளோரைடு உள்ளேயே தேங்குகிறது. அதன் பிறகு காபா வந்தாலும் செல் சரியாக அடங்குவதில்லை. சில செல்கள் அதனாலேயே தூண்டப்படுகின்றன. பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுக்கிற கதைதான். கனடாவில் ஈவ் டி கோனின்க் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வுகள் 2003லும் 2005லும் இதை வெளிக்கொண்டுவந்தன.

மூளையிலும் இதே போன்ற குலைவு நேர்கிறது. நரம்பு சேதமான சுண்டெலிகளின் மூளைப் புறணியில், தொடு உணர்வுக்கான பகுதியை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017இல் வெளியானது. அங்கே பிரமிடு வடிவச் செல்கள் ஓயாமல் அதிகம் இயங்கின. அவற்றை அடக்க வேண்டிய சோமடோஸ்டேட்டின் வகைச் செல்களோ சோர்ந்து கிடந்தன. சோர்ந்த செல்களை ஆய்வாளர்கள் மருந்தால் தூண்டியபோது பிரமிடு செல்களின் வேகம் தணிந்தது. லேசான தொடுதலுக்கே காலை இழுத்துக்கொள்ளும் நிலையும் மாறியது.

வழக்கமான வலி மாத்திரைகள் இந்த வகை வலியில் பெரிதாக எடுபடுவதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற வலிப்பு மருந்துகளையும், அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தையும் எழுதித் தருகிறார்கள். மிகையாகத் துடிக்கும் நரம்புகளைத் தணிப்பதே நோக்கம். ‘எனக்கென்ன வலிப்பா, மனநோயா?’ என்று பயந்து மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமே கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலி எதுவானாலும், அதைச் சொல்கிறவரை முதலில் நம்புங்கள்.