கோடும் கண்ணும் – 9: எதை விட்டுக்கொடுத்தது இந்தப் படம்?

விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு கரிசல் புஞ்சையின் எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) படத்தையும், பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) காலண்டர் படத்தையும் அருகருகே வைத்தால், முன்னது உண்மை, பின்னது வெறும் அழகு என்று எளிதில் சொல்லிவிடுவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றைக் காட்டுவதற்காக வேறொன்றை விட்டுக்கொடுக்காத படம் கிடையாது. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குச் சீன் திரைகள் வரைந்தவர். அந்தக் காலத்து அரண்மனைத் திரையில் தூண்கள் உள்ளே போகப் போகக் குட்டையாகும். தரைக்கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். சில அடி ஆழமே உள்ள மேடை பெரிய மண்டபமாகத் தெரிவது அதனால்தான். ஆனால் அந்தத் தூண்களை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. எஃப்.எம்.பி. இதற்கு நேர் எதிர். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, அடிக்கோட்டிலிருந்து வரப்பின் ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக அளந்து வரைகிறார்கள். எங்கிருந்து பார்க்கிறோம் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. 1:1000 அளவில் நூறு மீட்டர் வரப்பு பத்து சென்டிமீட்டர். படத்தின் எந்த மூலையிலும் அதே பத்துதான்.

எல்லைத் தகராறு வந்தால் அளவுப் படம்தானே செல்லும், ஓவியத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று வாதிடலாம். எல்லையைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம். ஆனால் மானாவாரிச் சம்சாரியின் கவலை எல்லையோடு முடிவதில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், எந்த வரப்பை அரிக்கும் என்பது அவருக்கு வயிற்றுப்பாடு. எஃப்.எம்.பி.யில் மேடும் பள்ளமும் ஒரே தாளில் தட்டையாகிவிடுகின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் உயரக்கோடுகள் உண்டு. ஆனால் அதே நூறு மீட்டர் வரப்பு அங்கே இரண்டே மில்லிமீட்டர். புஞ்சையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் ஒரு வெட்டுப்படம் போட்டால் சரிவு உடனே தெரியும். அதில் நிலத்தின் பரப்பு தெரியாது.

அப்படியானால் அளவையும் தோற்றத்தையும் சேர்த்துக் காட்டும் ஐசோமெட்ரிக் படம் போதுமே என்பது இன்னொரு வாதம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் முறைப்படுத்திய வழி அது. இணைகோடுகள் குவியாமல் இணையாகவே நிற்கும். மூன்று அச்சுகளின் வழியே நீளத்தையும் அளக்கலாம். பம்புசெட் அறையைக் கொத்தனாருக்குப் புரியவைக்க அதைவிட நல்ல படம் இல்லை. ஆனால் அறையின் செங்கோண மூலை அதில் 120 பாகையாகவோ 60 பாகையாகவோ மாறிவிடும். வட்டக் கிணற்றின் வாய் நீள்வட்டமாகும். மூலைக்கு மூலை அளந்தால் கணக்கு பிசகும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்த படம் இது. அதனால்தான் கட்டட வேலையில் தரைப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். நிலத்துக்கும் அப்படிக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். பட்டா உட்பிரிவின்போது எஃப்.எம்.பி.யோடு ஒரு வெட்டுப்படமும் நீரோட்டத்தைக் காட்டும் அம்புக்குறியும் இருந்தால், பாகம் பிரிக்கும் அண்ணன் தம்பிகள் யார் பங்கில் தண்ணீர் தேங்கும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.